காணாமல் போன சின்னக் கட்டை

மாணவர்களே, சுபாங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணி. நீங்கள் பள்ளியும் டியூஷனும் முடிந்து கதவைத் திறக்கிறீர்கள். காலடியில் ஒரு கட்டை. வலிக்கிறது. வரவேற்பறை முழுவதும் புதிர்த் துண்டுகள், பொம்மைக் காரின் கழன்ற சக்கரம், மூடியில்லாத வண்ணப் பேனா. "அக்கா, இதுல ஒன்னு இல்ல!" என்று நான்கு வயதுத் தம்பி அழுகிறான். ஒன்பது மாதப் பாப்பா நாற்காலிக்கு அடியில் எதையோ மென்றுகொண்டிருக்கிறது.

பெரும்பாலும் நாம் தம்பியின் அழுகையைத்தான் முதலில் கவனிப்போம். ஆனால், தம்பி தேடும் அந்தச் சின்னத் துண்டு எங்கே போனது என்ற கேள்விக்கு, நாற்காலிக்கு அடியில் இருக்கும் பாப்பாவின் வாய் ஒரு பதிலாக இருக்கலாம். விளையாட்டுப் பொருள்களை ஒழுங்காக, முழுமையாக, உடையாமல் வைத்திருப்பது வீட்டின் அழகுக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல. அதற்குள் கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பத்துக் கட்டைகளின் கணக்கு

பல பாலர் பள்ளிகளில் இளஞ்சிவப்பு நிறக் கோபுரம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பத்து மரக் கனசதுரங்கள். மிகச் சிறியதன் பக்கம் 1 செ.மீ., அடுத்தது 2 செ.மீ., இப்படியே 10 செ.மீ. வரை. இதை வடிவமைத்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907-ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கியவர் அவர். தமிழ் மண்ணுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. 1940-இல் இத்தாலியும் போரில் இறங்கியதால், இத்தாலியரான அவர் உடனே நாடு திரும்ப முடியவில்லை. போர்க் காலத்தில் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்.

அவருடைய வகுப்பறையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு பொருளுக்கும், குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான திறந்த அலமாரியில் ஓர் இடம் உண்டு. ஒரு பொருளில் ஒரு துண்டு தவறினாலும் அது தானாகவே தெரிந்துவிடும். கோபுரம் அடுக்கும் குழந்தைக்கு யாரும் "தவறு" என்று சொல்ல வேண்டியதில்லை. உச்சியில் வைக்கக் கட்டை இல்லையென்றால் கோபுரமே சொல்லிவிடும்.

இப்போது கணக்கு. பத்துக் கட்டைகளின் மொத்தக் கனஅளவு என்ன? 1 + 8 + 27 + 64 + 125 + 216 + 343 + 512 + 729 + 1000 = 3025 கன செ.மீ. மிகச் சிறிய கட்டையின் கனஅளவு 1 கன செ.மீ. மட்டுமே. அதாவது, மொத்த மரத்தில் 3025-இல் ஒரு பங்கு. எடையில் அது ஒன்றுமே இல்லை. ஆனால், அது தொலைந்தால் கோபுரம் கோபுரமாக இருக்காது. முதலில் தொலையக் கூடியதும் அதுதான். குழந்தையின் தொண்டைக்குள் போகக் கூடியதும் அதுதான்.

வாய்க்குள் போகுமா? அளந்து பார்க்கலாம்

குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் பருமனே இருக்கும். ஆகவே, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க ஆய்வகங்களில் ஓர் அளவு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உள்விட்டம் 31.7 மி.மீ. அடிப்பாகம் சரிவானது, ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. ஒரு பொருளோ அதிலிருந்து கழன்ற துண்டோ, எப்படித் திருப்பி வைத்தாலும் சரி, அழுத்தாமலேயே இந்த உருளைக்குள் முழுவதும் அடங்கிவிட்டால் அது 'சிறு துண்டு'. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் அதைக் கொடுக்கக் கூடாது.

கோபுரக் கட்டைகளில் எவை அடங்கும்? கனசதுரம் நிமிர்ந்தபடி வட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால், அதன் முகத்தின் மூலைவிட்டம் 31.7 மி.மீ.-க்கு மிகாமல் இருக்க வேண்டும். பைதாகரஸ் தேற்றத்தின்படி மூலைவிட்டம் என்பது பக்கத்தின் √2 மடங்கு. 2 செ.மீ. கட்டைக்கு அது 28.3 மி.மீ.; அடங்கிவிடும். 3 செ.மீ. கட்டைக்கு 42.4 மி.மீ.; அடங்காது. ஆகவே பத்தில் இரண்டு கட்டைகள் மட்டுமே பாப்பாவுக்கு ஆபத்தானவை. அவற்றைத் தனியே எடுத்துவைத்தால், மீதி எட்டையும் பாப்பா தாராளமாக உருட்டலாம்.

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1969-இல் 'டூப்ளோ' கட்டைகளை வெளியிட்டதும் சின்னக் குழந்தைகளை மனத்தில் வைத்துத்தான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினார்கள். 2 × 2 × 2 = 8. எனவே கனஅளவு எட்டு மடங்கு ஆனது. சிறு கைக்குப் பிடிக்க எளிது, வாய்க்குள் போவது கடினம்.

உருண்டைப் பொருள்களுக்கு விதி இன்னும் கடுமையானது. உருண்டை வட்டமான குழாயைக் காற்றுப் புக இடமின்றி அடைத்துவிடும். ஆகவே மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பந்து 44.5 மி.மீ. விட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மேசைப்பந்தின் விட்டம் 40 மி.மீ.; அதுகூட இந்தச் சோதனையில் தோற்றுவிடும்! கோலிக்குண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் நாட்டில், 2009-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களில் 'எம்சி' முத்திரை இருக்க வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெட்டியில் அதைத் தேடுங்கள். ஆனால், ஒன்றை மறந்துவிடாதீர்கள். முத்திரை பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பொருளுக்கு மட்டுமே பேசும். இரண்டாண்டு அடிபட்டுக் கண் கழன்ற பொம்மைக்கு அது பொறுப்பேற்காது. அங்கே சோதனைச் சாலை நம் வீடுதான்.

கலைப்பது எளிது, அடுக்குவது கடினம். ஏன்?

பத்துப் பொருள்கள், நான்கு பெட்டிகள். கார் கார்ப் பெட்டியில், கட்டை கட்டைப் பெட்டியில் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சரியான பெட்டி. தம்பி கண்ணை மூடிக்கொண்டு பத்தையும் ஏதோ ஒரு பெட்டியில் போடுகிறான். எத்தனை விதமாகப் போடலாம்? ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு வாய்ப்பு. எனவே 4-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: 1,048,576 விதம். அவற்றில் 'ஒழுங்கு' என்று அம்மா ஒப்புக்கொள்வது ஒன்றே ஒன்று. விநாடிக்கு ஒரு விதமாகப் போட்டுப் பார்த்தாலும், எல்லாவற்றையும் முடிக்க 12 நாளுக்கு மேல் ஆகும்.

ஆக, தம்பி வேண்டுமென்றே கலைக்கவில்லை. கலைந்த நிலைகள் பத்து லட்சத்துக்கு மேல். ஒழுங்கான நிலை ஒன்று. எதேச்சையாக நடந்தால் கலைந்த நிலைதான் வரும். வெப்ப இயக்கவியலில் இயல்பாற்றல் என்ற சொல்லை மேல்படிவங்களில் சந்திப்பீர்கள். ஒரு நிலையை எத்தனை விதமாக அமைக்கலாம் என்ற எண்ணிக்கையையும் இயல்பாற்றலையும் இணைத்தவர் ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மன். அந்தச் சமன்பாடு வியன்னாவில் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் எண்ணியது அணு, மூலக்கூறுகளை. நாம் எண்ணுவது பொம்மைகளை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால், எண்ணும் முறை ஒன்றே.

இந்தக் கணக்கு ஒரு வழியையும் காட்டுகிறது. பெட்டிகளை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்தால் 2-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: 1024. பெட்டிகளை அப்படியே விட்டுப் பொருள்களைப் பாதியாக்கினாலும் 4-ஐ ஐந்து முறை பெருக்க, அதே 1024. பத்து லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கு இறங்கிவிட்டோம்! எனவே ஒழுங்குக்கு முதல் வழி, தம்பியைத் திட்டுவது அல்ல. வெளியே இருக்கும் பொருள்களைக் குறைப்பது.

குறைத்தால் குழந்தைக்குச் சலிக்காதா? அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 36 சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். ஆகவே பாதியை மேல் அலமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். பழைய பொம்மை புதியதாகத் திரும்பி வரும்.

48 துண்டுகளும் இருக்குமா?

இப்போது தம்பியின் புதிரை எடுத்துக்கொள்வோம். 48 துண்டுகள். ஒருமுறை விளையாடும்போது ஒரு குறிப்பிட்ட துண்டு தொலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைவுதானே? ஆனால், புதிர் முழுமையாக இருக்க 48 துண்டுகளும் தப்ப வேண்டும். 0.99-ஐ 48 முறை பெருக்கினால் 0.62. அதாவது ஒருமுறை விளையாடி முடித்ததும் புதிர் முழுமையாக இருக்கும் வாய்ப்பு 62 விழுக்காடு. இரண்டாம் முறைக்குப் பிறகு 38 விழுக்காடு மட்டுமே.

இனி, தொலையும் வாய்ப்பை ஆயிரத்தில் ஒன்றாக்குவோம். ஒரு தட்டிலோ விரிப்பிலோ வைத்து விளையாடினால் துண்டுகள் நாற்காலிக்கு அடியில் ஓடாது. 0.999-ஐ 48 முறை பெருக்கினால் 0.95. பத்து முறை விளையாடிய பிறகும் 62 விழுக்காடு. முன்பு ஒரே ஆட்டத்தில் வந்த நிலைக்கு இப்போது பத்து ஆட்டம் ஆகிறது. சாதாரண விரிப்பு ஒன்று இவ்வளவு வேலை செய்கிறது!

இன்னொரு எளிய வழி: ஒவ்வொரு புதிரின் துண்டுகளுக்குப் பின்னாலும் ஒரே குறியை இடுங்கள். ஒன்றுக்கு நட்சத்திரம், இன்னொன்றுக்கு வட்டம். தரையில் கிடக்கும் துண்டு எந்தக் குடும்பம் என்று தேட வேண்டியதில்லை. பெட்டியின் மேல் மொத்த எண்ணிக்கையை எழுதுங்கள். தம்பியோடு சேர்ந்து எண்ணிப் போடுங்கள். அவனுக்கு எண் பாடம். உங்களுக்குப் பாப்பாவைப் பற்றிய நிம்மதி.

உடைவது எப்படி?

200 கிராம் பொம்மைக் கார், 75 செ.மீ. உயர மேசையிலிருந்து விழுகிறது. நிலையாற்றல் = நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் = 0.2 × 10 × 0.75 = 1.5 ஜூல். தரையில் மோதி நிற்கும்போது இந்த ஆற்றல் எங்காவது போக வேண்டும். கடினமான ஓட்டுத் தரையில் கார் 1 மி.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், சராசரி விசை 1.5 ÷ 0.001 = 1500 நியூட்டன். ஏறத்தாழ 150 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். தரையில் மெத்தென்ற பாய் இருந்து கார் 10 மி.மீ. அமிழ்ந்து நின்றால் விசை 150 நியூட்டன். பத்தில் ஒரு பங்கு. காரையும் மேசையையும் மாற்றவில்லை; நிற்கும் தூரத்தை மட்டுமே மாற்றினோம்.

அடுத்தது பொருளின் தன்மை. லெகோ கட்டைகள் முதலில் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற நெகிழியால் செய்யப்பட்டன. அது நாளடைவில் வளைந்து பிடிமானத்தை இழந்தது. 1963-இல் ஏபிஎஸ் என்ற நெகிழிக்கு மாறினார்கள். அதில் அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என மூன்று மூலப்பொருள்கள். இவற்றில் பியூட்டடையீன் தருவது ரப்பர் தன்மை. அது மோதலின் ஆற்றலை உள்வாங்கி, விரிசல் ஓடாமல் தடுக்கிறது.

ஆனால், அந்த ரப்பர் பகுதியைத்தான் வெயில் முதலில் தாக்கும். புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிதைக்கின்றன. நிறம் மஞ்சளாகிறது, பொருள் நொறுங்கத் தொடங்குகிறது. சுபாங் ஜெயா நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல். பால்கனியில் கிடக்கும் பொம்மை வண்டி ஒரு நாள் ஏறி உட்கார்ந்ததும் முறிவது இதனால்தான். பெட்டியை நிழலுக்கு நகர்த்துவதற்குக் காசு செலவில்லை.

உங்கள் அழிப்பான் நெகிழி அளவுகோலோடு ஒட்டிக்கொண்டு, அதில் பள்ளம் விழுந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? பல அழிப்பான்கள் பிவிசியால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை மென்மையாக்க இளக்கிகள் என்ற எண்ணெய் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் அளவுகோலை இளக்கிவிடுகின்றன. மென்மையான பிவிசி பொம்மையையும் விறைப்பான பொம்மைகளையும் வெப்பமான பெட்டியில் நெருக்கி அடைத்தாலும் இதேதான் நடக்கும். மென்மையானவற்றைத் தனியே, காற்றோட்டமாக வையுங்கள்.

உடைந்த பொம்மையை ஒட்டலாமா? விளிம்பு கூராக இருந்தாலோ, ஒட்டிய துண்டு மீண்டும் கழலும் என்றாலோ, பாப்பா இருக்கும் வீட்டில் அது வேண்டாம். தம்பியின் காரில் ஒரு சக்கரம் போயிருந்தால், பால்புட்டி மூடியைச் சக்கரமாக்கலாம்; மூடி அளவு உருளைக்குள் அடங்காததாக இருக்கட்டும்.

மிகச் சிறியது, மிக ஆபத்தானது

இசைக்கும் புத்தகம், ஒளிரும் மோதிரம், சிறிய தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றில் காசு போன்ற மின்கலம் இருக்கும். பரவலாகப் பயன்படும் சிஆர் 2032 மின்கலத்தின் விட்டம் 20 மி.மீ., தடிப்பு 3.2 மி.மீ., மின்னழுத்தம் 3 வோல்ட். குழந்தை அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான திசு வழியே மின்னோட்டம் பாயும். நீர் மின்பகுப்படைந்து, எதிர்முனை அருகே ஹைட்ராக்சைடு அயனிகள் சேரும். அது கடுமையான காரம். இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கிய குழந்தைக்குத் தொடக்கத்தில் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். 'தீர்ந்துபோன' மின்கலமும் பாதுகாப்பானது அல்ல. பொம்மையை இயக்கப் போதாத மின்னழுத்தம், நீரை மின்பகுக்கப் போதுமானதாக இருக்கலாம்.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பெரியவரிடம் சொல்லி உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். வலுவான சிறு காந்தங்களுக்கும் இதே அவசரம் பொருந்தும். இரண்டு காந்தங்களை விழுங்கினால், குடல் சுவர்களை இடையில் நெருக்கியபடி அவை ஒன்றையொன்று ஈர்த்து ஓட்டை போட்டுவிடும்.

தரமான பொம்மைகளில் இத்தகைய மின்கலத்தின் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தத் திருகாணி தொலைந்துவிட்டால், அந்தப் பொம்மை அன்றே உயரமான இடத்துக்குப் போக வேண்டும்.

சாதாரண கார மின்கலங்களுக்கு வேறு சிக்கல் உண்டு. நீண்ட நாள் உள்ளேயே இருந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகும். பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து, பஞ்சில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். அமிலமும் காரமும் நடுநிலையாகின்றன. படிவப் பாடம் பொம்மைக்குள் நடக்கிறது!

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவர் உடனிருக்க, பாப்பா தூங்கும் நேரத்தில் செய்யுங்கள். ஒரு துண்டு கோழி இறைச்சியில் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். காசு மின்கலம் ஒன்றின் எதிர்முனைப் பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து, கையுறையோடு மின்கலத்தை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் காரத்தில் செந்நிறமாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கே சிவந்திருக்கிறது? இறைச்சி எப்படி மாறியிருக்கிறது? பார்த்ததை வீட்டில் எல்லாரிடமும் காட்டுங்கள். பிறகு இறைச்சியை எறிந்துவிட்டு, மின்கலத்தின் இரு பக்கத்தையும் ஒட்டும் நாடாவால் மூடி, மின்கழிவோடு சேர்க்க எடுத்துவையுங்கள்.

வாரத்துக்குப் பதினைந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

1. தரையில் முட்டி போட்டு, பாப்பாவின் கண் உயரத்திலிருந்து நாற்காலிக்கு அடியில் பாருங்கள்.
2. கழிவறைத் தாள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயை அளவு உருளையாக்குங்கள். அது சோதனை உருளையைவிடச் சற்று அகலமானது. எனவே கூடுதல் எச்சரிக்கை. அதனுள் போகும் எல்லாம் மேல் அலமாரிக்கு.
3. துண்டுகளை எண்ணுங்கள். குறைந்தால், கிடைக்கும்வரை தேடுங்கள்.
4. பொம்மையின் கண், பொத்தான், சக்கரம் ஆகியவற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். மின்கல மூடியின் திருகாணியைத் தொட்டுப் பாருங்கள்.
5. பாதிப் பொருள்களை மாற்றி வையுங்கள். தாழ்வான தட்டில் ஒவ்வொன்றின் இடத்திலும் அதன் படத்தை ஒட்டுங்கள். தம்பிக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் இடம் தெரியும்.

தம்பியின் புதிருக்குத் திரும்புவோம். அந்தக் காணாமல் போன துண்டு கிடைத்ததும் அவன் அழுகை நின்றுவிடும். ஆனால், அதைத் தேடி நாற்காலிக்கு அடியில் குனிந்த நீங்கள், பாப்பாவின் வாயிலிருந்ததையும் எடுத்துவிட்டீர்கள் என்றால், அன்றைய மிக முக்கியமான அறிவியல் பாடத்தை முடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

சிந்திக்க

1. பக்கம் 22 மி.மீ. உள்ள கனசதுரம் அளவு உருளைக்குள் அடங்குமா? 23 மி.மீ. என்றால்?
2. ஆறு பொருள்கள், மூன்று பெட்டிகள். எத்தனை விதமாகப் போடலாம்? ஒழுங்கான நிலை எத்தனை?
3. அதே 200 கிராம் கார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து பாயில் விழுந்து 10 மி.மீ. தூரத்தில் நின்றால் சராசரி விசை எவ்வளவு?
4. உங்கள் வீட்டில் காசு மின்கலம் உள்ள பொருள்கள் எத்தனை? பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். இந்தக் கேள்விக்கு விடையைப் பள்ளியில் காட்ட வேண்டாம். அம்மா அப்பாவிடம் காட்டுங்கள்.